கொடி இல்லாத சுவர்

கொட்டச்சேட்டில் காபிச் செடிகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் பிறந்து, அதே வீட்டில் கண்மூடிய எங்கள் அப்பாவை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறேன். அவருடைய நல்ல குணங்களை நீங்களே சொல்வீர்கள். மகளாகிய நான் ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்டேட் கூலி போதாமல், எழுபதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் மலை இறங்கி, ரயில்வேயில் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு பனிக்காலக் காலையில் சித்தப்பா ரயிலில் அடிபட்டு இறந்தார். அன்று, ரயில் வந்தால் எச்சரிக்கக் கொடியும் விசிலுமாகக் காவல் நின்றவர் அப்பா. எதிர்க்காற்றில் விசில் கேட்கவில்லை என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். நாங்களும் அதை நம்பியே வளர்ந்தோம்.

ஓய்வுபெற்ற பின், தொண்ணூறுகளில், கண் காட்டச் சேலம் போன ஒரு நாள், ரயிலின் பெருமைக்கென்றே அமைத்த பூங்காவுக்கு அப்பாவை அழைத்துப் போனேன். முன்னால் ஒரு பழைய கரி எஞ்சின். எதிரே நெடுஞ்சுவர் முழுக்கச் சிமெண்ட் மனிதர்கள், ஒவ்வொருவரும் இரண்டு ஆள் உயரம், தோளில் தண்டவாளம், புடைத்த கழுத்து நரம்பு. அப்பா அந்தச் சுவரின் கோடிவரை நடந்தார். திரும்பி நடந்தார்.

“ஏங்கண்ணு, கொடிக்காரன் எங்க?”

“செலைக்கு எதுக்குங்கப்பா கொடிக்காரன்?”

“ஆளுக எறங்கி வேல செய்யறாங்கல்ல? ஒருத்தன் நிக்கோணுமல்ல?”

தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்தார். சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் போய் நின்று, எஞ்சினைப் பார்த்து நீட்டிப் பிடித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஏனுங்க பெரியவரே, அந்த இஞ்சினுக்குச் சக்கரமே துருப்புடிச்சுப் போச்சுங்க. பயப்படாம ஊட்டுக்குப் போங்க” என்றார் காவலாளி.

துண்டை இறக்காமலே அப்பா சொன்னார்: “அன்னிக்கு விசில நான் ஊதவே இல்ல சாமி. ரயிலு சத்தம் கேட்டுது. நம்ம மலையில பஸ் சத்தம் கேட்டா, அது வளைவெல்லாம் சுத்தி வர்றதுக்குள்ள ஒரு பீடி குடிச்சரலாம். அந்தக் காதோடயே நின்னுட்டேன். பீடியப் பத்த வெச்சேன். கீழ ரயிலு நேரா வந்துருது சாமி.”

அன்று மாலையே மஞ்சக்குட்டையில் சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

“இப்பச் சொல்லி என்னங்கப்பா ஆகப்போவுது?”

“அவளுக்குத் தெரியோணுமல்ல.”

அப்பா சொன்னதைச் சின்னம்மா ராகி புடைத்துக்கொண்டே கேட்டார். முறம் நின்றது. “நல்லது கெட்டதுக்கெல்லாம் எங்கூட்டு வாசல்ல மொத ஆளா வந்து நின்னீங்களே மாமா. நொம்ப நல்லா நின்னீங்க.”

அதற்குப் பிறகு அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. அப்பா கொடுத்தனுப்பிய ஆரஞ்சுக் கூடை, கட்டு அவிழாமல் திரும்பி வந்தது. நெஞ்சுச் சளி முற்றிய கடைசி நாட்களில், பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண் திறந்து வாசலைப் பார்ப்பார். மஞ்சக்குட்டையிலிருந்து யாரும் இறங்கவில்லை.

மருந்து வாங்கி வந்த எஸ்டேட் ரைட்டருக்கும், பாறையில் குழி வெட்டியவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அப்பாவைத் தூக்கிப்போன அன்று ரோடே தெரியாத பனி. எங்கோ கீழ் வளைவில் பஸ் சத்தம் கேட்டது. வர நேரமிருக்கிறது என்று நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். கூட்டத்தின் கடைசியில், யாரிடமும் பேசாமல் வந்துகொண்டிருந்த சின்னம்மாவின் மகன், பாடைமேல் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு முன்னால் ஓடினான். பஸ் வந்து நிற்கும்வரை, அப்பா கடந்து போகும்வரை, அவன் அதை இறக்கவில்லை.