மஞ்சள் எப்போது ஆரஞ்சாகும்

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிடிபடாது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நான் படித்தது கெமிஸ்ட்ரி, சோறு போட்டதும் கெமிஸ்ட்ரி. தமிழோ வரலாறோ எடுத்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது? ஆனால் எனக்குப் பிடித்துத் தொலைத்தது இந்தச் சனியன்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு லேபில்தான் முதல் சிக்கல் வந்தது. உப்பைச் சுடரில் காட்டினால் கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எனக்கு இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள். பக்கத்தில் நின்ற பையன்கள் "பச்சைடா, பச்சைடா" என்று குதிப்பார்கள், நானும் தலையை ஆட்டி வைப்பேன். ஆப்பிள் எப்படிப் பச்சையாக இருக்கும் என்று ஒரு கூட்டம் சண்டை போடும். அந்தச் சண்டையில் எனக்குப் பங்கே கிடையாது. பரீட்சையில் சுடர் பக்கமே போகாமல், வாசனை வருகிறதா, கரைகிறதா, நுரைக்கிறதா என்று மட்டும் பார்த்து உப்பைக் கண்டுபிடித்தேன். மார்க்கும் வாங்கினேன். அந்தத் திமிரில்தான் சிதம்பரத்தில் போய் கெமிஸ்ட்ரியே சேர்ந்தேன்.

அங்கே தப்பிக்க வழியில்லை. ஐந்து வருஷமும் டைட்ரேஷன். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே குடுவையில் மீத்தைல் ஆரஞ்சு கலந்த தண்ணீர் மஞ்சளாக இருக்கும். எந்தச் சொட்டில் மஞ்சள் ஆரஞ்சாகிறதோ அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பு. எனக்கு மஞ்சளும் மஞ்சள்தான், ஆரஞ்சும் மஞ்சள்தான்.

பக்கத்து மேஜையில் கிள்ளை என்ற கடலோர ஊர்க்காரன் ஒருத்தன், மீன்பிடிக் குடும்பம். இரண்டாவது வாரமே என் முழியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "எழுத்த நீ பாத்துக்க, கலர நான் பாத்துக்கறேன் மச்சான்," அவ்வளவுதான் சொன்னான். நிறம் மாறியதும் அவன் குழாய் மாட்டிய ஸ்டாண்டில் லேசாக இரண்டு தட்டு தட்டுவான், நான் குழாயை மூடுவேன். அவனுடைய ரெக்கார்டு நோட்டை எல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். படிப்பு முடிந்ததும் அவன் இறால் குஞ்சுப் பண்ணை வேலைக்கு ஆந்திரா பக்கம் போய்விட்டான். ரயிலேற்றிவிட்டு வந்த அன்றைக்கு, இனிமேல் எப்படிப் பிழைக்கப் போகிறேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

கடலூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், ஆலைத் தண்ணீர் வரும். அதில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும். காரம் பார்க்க அதே மஞ்சள், ஆரஞ்சு டைட்ரேஷன்தான். தப்பான ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். எங்கள் லேபிலேயே மூத்தவர் ஒருத்தர் இருந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும், அண்ணன் என்று கூப்பிடுவோம். டைட்ரேஷனில் அவரை அடிக்க ஆள் கிடையாது. "அண்ணன் கண்ணுக்கு மிஷினே தோத்துடும்" என்பார்கள். என் பங்கு டைட்ரேஷனை அவர் தலையில் கட்டிவிட்டு, அவருடைய தராசு வேலை, அடுப்பு வேலை, சாம்பிள் எடுக்க வெயிலில் பெண்ணாடம் வரைக்கும் அலைகிற வேலை, எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொண்டேன். "இவன் ரொம்ப நல்ல பையன்யா, கஷ்டமான வேலையத்தான் கேட்டு வாங்கறான்" என்று எனக்குப் பெயர் வேறு. உள்ளுக்குள் கூசும்.

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற பதவிக்கு என்னை இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். அதற்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து, கண்ணெதிரே டைட்ரேஷன் செய்யச் சொல்லிப் பார்ப்பார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பது போல அழுதிருக்கிறேன், இதில் என்ன வெட்கம்.

அப்போதுதான் தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு மேடம் வந்தார்கள். தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர், பதவியில் பெரியவர், வாயில் அதைவிடப் பெரியவர். மூன்றாவது தடவையாக அந்தப் பதவி காலியானது. நான் வழக்கம்போல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் கடுதாசியை எடுத்துக்கொண்டு நேராகக் குடுவை கழுவுகிற தொட்டிக்கே வந்துவிட்டார்கள்.

"என்ன சார் இது? இந்தவாட்டியும் வேணாம்னா அப்பறம் ஒங்கள யாரும் கேக்க மாட்டாங்க. வெளியேர்ந்து ஆள் போட்டுடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அப்பறம் என்ன கொழுப்பா?"

அந்தக் கொழுப்பு என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. பதினோரு வருஷம் அடுத்தவன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்தவனைப் பார்த்துக் கொழுப்பா? கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுடர், ஸ்டாண்டில் தட்டு, பஸ் ஜன்னல் ஒன்றையும் விடவில்லை. ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால், அவர்கள் என்னை முறைத்தார்கள்.

"மூலையில பிஹெச் மீட்டர் ஒண்ணு ஒக்காந்திருக்கே, அது என்ன கொலுவுக்கா வாங்கி வச்சிருக்கு?"

அலமாரியிலிருந்து சோதனை முறைகள் போட்ட தடிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். மீத்தைல் ஆரஞ்சு என்ற வரிக்குக் கீழேயே இருந்தது: அல்லது அமில-கார அளவை எண்ணாகக் காட்டும் பிஹெச் மீட்டரை வைத்து, எண் நாலரைக்கு இறங்கும் வரை அமிலம் விடலாம். நிறமே வேண்டாம். எண்ணைப் பார்த்தால் போதும். அந்தப் பக்கத்தை நூறு தடவை திறந்திருப்பேன். மீத்தைல் ஆரஞ்சு என்ற பெயரைக் கண்டதும் பயத்தில் மூடிவிடுவேன். கீழே படித்ததே இல்லை. படித்தவன் செய்கிற வேலையா இது? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று வாரம் மீட்டரில் பழகினேன். லேபின் செய்முறைக் கையேட்டிலும் மீட்டரைச் சேர்த்து மேடமே திருத்தி எழுதினார்கள். முதலாளி மட்டும், "ஏன் எதுக்குன்னு வர்றவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, வீண் வம்பு" என்றார். "சொல்றதும் சொல்லாததும் அவரு இஷ்டம் சார், அவரு கண்ணு" என்றார்கள் மேடம். எனக்காக யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

அதிகாரி வந்தார். சிரிக்கவே தெரியாத மனிதர். நான் மீட்டரை எடுத்து வைத்ததும், "இண்டிகேட்டர்ல செய்யுங்க" என்றார். லேபே திரும்பிப் பார்த்தது. ஏதாவது ஒரு சாக்கு சொல்லியிருக்கலாம். எனக்குச் சாக்கு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

"முடியாது சார். எனக்கு செவப்பு பச்ச வித்தியாசம் தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"பொறந்ததுலேர்ந்து."

அதிகாரி, நிறம் பார்க்கிற டெஸ்ட் எதையாவது நான் செய்ததாக எழுதியிருக்கிறதா என்று பழைய நோட்டுகளைக் கேட்டார். ஒன்றிலும் இல்லை. பிறகு மூன்று பாட்டிலை மேஜையில் வைத்து, "காரம் எவ்வளவுன்னு பாருங்க" என்றார்.

முதல் பாட்டிலை முடித்து எழுதினேன். இரண்டாவதும் அதே விடை. மூன்றாவதும் அச்சு அசலாக அதே. எனக்கு வேர்த்துவிட்டது. மூன்று பாட்டில் கொடுத்தால் மூன்று விடைதானே வர வேண்டும்? மீட்டர் மண்டையைப் போட்டுவிட்டதா? மீட்டரைத் திரும்பச் சரிபார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவதை மறுபடி செய்தேன், அதே விடை. கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதேன் என்று மனசு நச்சரித்தது. போடா என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதே பாட்டில்களை அண்ணனிடம் கொடுத்து நிறம் பார்த்துச் செய்யச் சொன்னார். அண்ணன் நெடுநேரம் செய்தார், திரும்பத் திரும்பச் செய்யப் போனவரை அதிகாரி நேரமாச்சு என்று நிறுத்திவிட்டார். அவருக்கு வந்தது மூன்று வேறு வேறு விடை. அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூணு பாட்டில்லயும் இருக்கறது ஒரே தண்ணி" என்றார். என் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து காரம் பாத்த ரிப்போர்ட்ல நீங்க கையெழுத்து போடுங்க" என்றார்.

மேடம் எல்லோர் முன்னாலும் கையைத் தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டு "ஜெயிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பதவியைவிட, என் கண்ணைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அண்ணன் மட்டும் போகவில்லை. அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்குச் சங்கடம். பக்கத்தில் போய், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கண்புரை தம்பி. ரெண்டு வருஷமா. ரெண்டு கண்ணுலயும் எல்லாம் பழுப்பாத்தான் தெரியுது. யார்கிட்ட சொல்றது, அண்ணன் கண்ணு அண்ணன் கண்ணுன்றானுங்க. ஒவ்வொரு தண்ணியவும் அஞ்சு தடவ பண்ணி, ஒத்து வந்தாத்தான் எழுதுவேன். சாப்பாட்டு நேரத்துலயும் அதத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். இன்னிக்கி அந்த ஆளு அஞ்சு தடவ பண்ண விடல."

என் பங்கையும் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் செய்திருக்கிறார், அதையும் அஞ்சு தடவை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்திருக்கிறோம்.

அவர் நாற்காலியை இழுத்து மீட்டருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். "நாலரைன்னா அந்த முள்ளு எங்க வந்து நிக்கும்?" என்றார்.

"முள்ளு இல்லண்ணே, நம்பர்தான். பெரிசா தெரியும்" என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.