பிள்ளைக்கு யார் என்ன கொடுத்தார்கள்

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில்தான் என் மூத்த மகள் பிறந்தாள். மலாயா சுதந்திரம் வாங்கியபோது அவளுக்கு எட்டு மாதம். தெருவெல்லாம் கொடி. நான் எந்த வேடிக்கையும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது.

ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தவள். பாலில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டத் தொடங்கிய பிறகு இளைத்துப்போனாள். கை கால் குச்சி குச்சியாக, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. துணியை எத்தனை முறை அலசினாலும் நாற்றம் போகாது. எந்நேரமும் சிணுங்கல்.

பிஸ்கட் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. டின்னில் அடைத்து வந்த சுத்தமான பண்டம் அல்லவா? புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வரும் பால்காரர் மீதுதான் வந்தது. ஒரு காலையில் அவருடைய மாட்டுக்கொட்டகைக்கே போய், கறக்கும்போது பக்கத்தில் நின்றேன்.

"நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாருங்கம்மா" என்றார்.

வேறு ஆளைப் பார்த்தேன். பிள்ளை தேறவில்லை.

செமாபோக்கிலிருந்து வந்த என் கணவரின் அக்கா, பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒழுங்கா ஊட்டுறியா, இல்லையா?"

"ஊட்டாம என்னக்கா?"

"அப்ப சாப்பாடெல்லாம் எங்க போவுது?"

அன்று முதல் அவர் வரும்போதெல்லாம் அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ்ப் பெண் டாக்டரும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, என்னென்ன கொடுக்கிறேன் என்று விசாரித்தார். பிஸ்கட், ரொட்டி, ரவைக் கஞ்சி என்றேன்.

"எல்லாம் கோதுமை. சில பிள்ளைகளுக்கு அது குடலுக்கு ஆகாது. எனக்கும் சந்தேகம்தான், உறுதியாச் சொல்ல இங்க வழியில்ல. நிறுத்திப் பார்ப்போம்."

குழைந்த சோறு, வாழைப்பழம், முட்டை, மீன். அவ்வளவுதான். சில வாரங்களில் வயிறு வற்றியது. ஒரு நாள் கூரையில் ஓடிய பூனையைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

ஆனால் மறுபடியும் பேதி தொடங்கியது. வீட்டில் கோதுமை என்று ஒரு துளி கிடையாது. யாரோ எனக்குத் தெரியாமல் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நாத்தனார் மடியிலிருந்து பிள்ளையை வாங்கும்போதெல்லாம் வாயை முகர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா, எந்தக் காலத்திலோ இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம், நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர். பேச்சு மட்டும் மலாய். அவர் பிள்ளைக்கு ஊட்டும் பலகாரத்தில் என்ன மாவு என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை உள்ளே அழைத்துப்போய், ஊறவைத்த அரிசியையும் ஆட்டுக்கல்லையும் காட்டினார்.

ஒரு நாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவள், மழை பிடித்துக்கொண்டதால் பாதியிலேயே திரும்பினேன். கூடத்தில் என் கணவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

"பார்லி கஞ்சி. உடம்பு சூடு தணியட்டும்னு தினமும் கொஞ்சம் குடுக்கிறேன். ஏன்?"

"டாக்டர் வேணாம்னு சொன்னாங்களே!"

"கோதுமைதானே வேணாம்னாங்க? இது பார்லி."

மறுநாள் இருவருமாகப் போய்க் கேட்டோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பார்லியும் ஆகாது. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

அதன்பின் என் கணவர் சில நாள் பிள்ளைக்கு எதையும் தன் கையால் கொடுக்கப் பயந்தார். நானே சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்து ஊட்டச் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்னையத்தானே சந்தேகப்பட்டே?"

"ஆமாக்கா."

"நானும் உன்னையத்தான்."

இருவரும் சிரித்துவிட்டோம்.

பிள்ளை தேறினாள். நடக்கவே பிந்தியவள், பள்ளிக்கூடம் போகும் வயதில் தெருப்பிள்ளைகளை ஓட்டத்தில் முந்தினாள். இனி ரொட்டி கொடுக்கலாம், வளர வளர சரியாகிவிடும் என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை, கொடுக்கவுமில்லை. ஒரு நாள் அவளுடைய வகுப்பு டீச்சர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"கேக் குடுத்தா, என்ன மாவுன்னு கேக்குறாம்மா. யாரையும் நம்ப மாட்டேங்குறா."

"அப்படித்தான் டீச்சர் இருக்கணும்" என்றேன்.