கப்பலில் எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர்

மகள் வற்புறுத்தியதால் அவளோடு கப்பல் பயணம் போனேன். நடுவில் எட்டு நாள் கரையே கிடையாது. சாப்பிடுவதும் தண்ணீரைப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. அந்த நாட்களில் நான் ஆசையோடு எதிர்பார்த்தது எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வருபவரைத்தான். ஒல்லியானவர், நாற்பது வயதிலேயே காதோரம் நரைத்திருந்தது. சங்ககிரிக்காரர். நானும் அந்தப் பக்கத்துச் சூரமங்கலம்தான் என்று தெரிந்ததும் ‘மேடம்’ போய் ‘அக்கா’ ஆகிவிட்டேன். தினமும் துண்டை யானையாகவோ கொக்காகவோ மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் துண்டை வெறுமனே மடித்து வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

“என்னப்பா, உடம்பு சரியில்லையா?”

“எங்கம்மா நேத்து தவறிட்டாங்கக்கா.”

“ஐயோ, ஊருக்குப் போகலையா?” கேட்ட பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது.

“கரைக்கு இன்னும் மூணு நாள் இருக்குதுங்களே. ஊர்ல இப்ப எடுக்கற நேரமுங்க.” சற்றுத் தயங்கினார். “அஞ்சு நிமிசம் உங்க பால்கனியில நின்னுக்கட்டுங்களா? எங்க ரூமுக்கு ஜன்னல் இல்லீங்க.”

கதவைத் திறந்துவிட்டேன். வானம் மூடியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர்.

“நம்மூரு எந்தப் பக்கமுங்கக்கா?”

எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தவள்போல் வலது பக்கம் கையை நீட்டினேன். அவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்த்து மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறையைச் சுத்தம் செய்யப் போனார்.

நான் காட்டியது சரியான பக்கம்தானா என்று இன்றுவரை யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.