உங்களுக்கு மொளச்சுதா, சார்?

முடி கொட்டுகிறவனிடம் பேசுவதைவிடக் கொட்டிப்போன முடியிடம் பேசுவது சுலபம். அது திரும்ப ‘எப்போ வரும்?’ என்று கேட்காது.

கேட்கிறவர்களிடம் பேசுவதுதான் என் தொழில். வயசு பத்தொன்பது. நீங்கள் ஒரு ஆப்பில் தலையைப் படம் எடுத்து அனுப்புவீர்கள். டாக்டரம்மா வீடியோவில் பார்த்து மருந்து எழுதுவார். பெட்டி வீட்டுக்கு வரும். உங்களில் பாதிப் பேருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெட்டியை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் மனசு ஒடிந்து பாதியில் நிறுத்திவிடாமல் இருக்க, அவ்வப்போது போன் பண்ணித் தெம்பு சொல்ல வேண்டியவன் நான்.

கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், சத்தியமாக. ஆனால் உடனே கிடைக்காது. எங்கள் மருந்தும் அப்படித்தான். மாசக்கணக்கில் பொறுக்க வேண்டும், அதற்குள் இருக்கிறதும் கொஞ்சம் போகும்.

மூன்று பேர், ஒரு நாற்காலி

சித்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் ரூம். ஜன்னலைத் திறந்தால் மாங்கா ஜூஸ் ஃபேக்டரி. சீசனில் ஷிப்டு மாறும்போது அதன் சங்கு இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் ஊத ஆரம்பிக்கும். ஸ்கூலில் படிக்கும்போது அந்தச் சங்கை இருமலோடு வாயாலேயே ஊதி, மத்தியானமே வகுப்பைக் கலைத்தவன் நான். ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் லீவு விட்டதும் நான்தான். மறுநாள் அவரே, நிஜமாகவே தாமேதான் விட்டோமோ என்று குழம்பிக்கொண்டிருந்தார்.

இந்தத் திறமைக்குத்தான் வேலை கிடைத்தது. ஆப்பில் மூன்று ‘ஹேர் கோச்’ படம் இருக்கும்: பெங்களூர் விக்ரம் சார், சென்னை லாவண்யா மேடம், ஐதராபாத் ரெட்டிகாரு. மூன்று பேருக்கும் சீப்பு மாட்டிக்கொள்ளும் அளவுக்கு முடி. மூன்று பேரும் நான். வேலைக்கு எடுத்த அன்றைக்கு, “டாக்டரம்மா குரலும் வரும் மேடம், பேசிக் காட்டட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டேன். ஆபீஸை நடத்துகிற எங்கள் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அந்தக் கொரல்ல ஒரு வார்த்த பேசினே, இங்கேர்ந்து நேரா ஜெயிலுதான். மத்தபடி உன் இஷ்டம் நைனா.”

தாடி வைத்த தலகாணி

டில்லிபாபு நாகலாபுரத்துக்காரர். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போய், இரண்டு இடத்திலும் பெண் வீட்டார் அவர் முகத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மூன்றாவது இடம் ஆடி பிறப்பதற்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்குள் தலையில் ஏதாவது தெரிய வேண்டும். அவருக்கு நான் முதலில் லாவண்யா.

“மின்னாடி சித்தூர்ல ஜூஸ் ஃபேக்டரியில ரெண்டு சீசன் பாய்லர்கிட்ட நின்னேன் மேடம். அந்த ஆவியிலதான் கொட்டிப்போச்சோ?” என்றார். “சித்தூரா? அது எந்தப் பக்கம் சார்?” என்று ஜன்னல் வழியே அதே பாய்லரின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எனக்கே கை தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மருந்தில் முதலில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டும், அப்புறம் நிற்கும். அதைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொட்டும்போது யார் பெட்டியைப் படிக்கிறார்கள்? அடுத்த மாசம் அவரே போன் பண்ணினார். குரல் உடைந்திருந்தது.

“மேடம், மருந்து போடறதுக்கு மின்னாடி தலகாணியில அங்கொண்ணு இங்கொண்ணுதான் கெடக்கும். இப்போ தலகாணியே தாடி வெச்சிக்கினு கீது மேடம்!”

ஆம்பள யாராச்சும் இருந்தா குடுங்க

ஒருநாள் லாவண்யாவிடம் வெயிலைப் பற்றிப் பேசினார், பஸ்ஸைப் பற்றிப் பேசினார், துன்ன சோறு செரிக்கவில்லை என்றார். கடைசியில், “ஆம்பள யாராச்சும் இருந்தா குடுங்க மேடம்” என்றார். லைன் மாற்றும்போது வரும் பாட்டையும் நானே மூக்கால் பாடிவிட்டு, விக்ரமாக வந்தேன். மாத்திரை சாப்பிட்டால் கல்யாணத்துக்கு அப்புறம் ஏதாவது வில்லங்கம் ஆகுமா என்பதுதான் கேள்வி. நான் விளையாட்டுப் பிள்ளைதான், ஆனால் அதில் விளையாட மாட்டேன். டாக்டரம்மாவுக்கே நேரம் வாங்கிக் கொடுத்தேன். அவர் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார்: சிலருக்கு அப்படித் தொந்தரவு வரலாம், வந்தால் உடனே என்னிடம் சொல்லுங்கள். முடியும் அப்படித்தான், சிலருக்கு வளரும், சிலருக்கு இருக்கிறது நிற்கும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது.

டில்லிபாபு மறுபடி விக்ரமிடம் வந்தார். “டாக்டரம்மா நல்லவங்கதான் சார். ஆனா ‘சில பேருக்கு, சில பேருக்கு’ன்னே சொல்றாங்க. உங்களுக்கு மொளச்சுதா, சார்?”

இங்கே ஒரு விஷயம். என் மேஜை டிராயரிலும் அதே பெட்டி இருக்கிறது. எழுதிக் கொடுத்ததும் அதே டாக்டரம்மாதான். எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், தலை எனக்கு முன்னாலேயே பிறந்து, என் தலை எங்கே போய் முடியும் என்று காட்டிவிட்டது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் மொபைல் டார்ச் அடித்து, புதுசாக ஏதாவது தெரிகிறதா என்று நெற்றியில் தேடுகிறேன். டார்ச் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் விக்ரம் சாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? “ஃபுல்லா வந்துடுச்சு பாஸ்! மாசா மாசம் கட்டிங்குக்கே நேரம் போதல!” என்று அடித்தொண்டையில் சிரித்தார். அந்தப் பக்கம் டில்லிபாபு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார். எங்க அம்மா மேல ஆணையா இனிமே நிறுத்தமாட்டேன்.”

பின்னாடி பாருங்கோ

இது திருப்பதிக்காரர் ஒருவர். கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம், இளவயசு. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே ஆப் தானாக ‘வழுக்கை, கடைசிக் கட்டம்’ என்று சிவப்பில் காட்டிவிட்டது. நான் லாவண்யா குரலில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முன்பக்கம் தாமே மழித்துக்கொள்வது, அது வழக்கம் என்றார். அவர் கவலை குடுமி. முன்பெல்லாம் முடிச்சுப் போட்டால் நிற்கும், இப்போது முடிச்சுக்குள்ளேயே முடி காணாமல் போகிறதாம். பெருமாள் முன்னால் நிற்கும்போது அவிழ்ந்து தொங்குகிறது என்று சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

“முன்னாடி இல்லாதது சம்பிரதாயம்மா. பின்னாடி இல்லாததுதான் வியாதி.”

நடுவுல நீ யாரும்மா?

சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற பெரியவர். எங்கள் மருந்து நிஜமாகவே பிடித்து, உச்சியில் கறுப்பாக முளைத்த ஆள். மேடம் அந்தப் படத்தைப் பிரேம் போடாத குறை. “இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க சார், எல்லாருக்கும் காட்டணும்” என்று கேட்டோம். அனுப்பினார். பளபளவென்று மொட்டை, அதன் மேல் சந்தனம். முடி வளர்ந்தால் திருமலைக்கு வந்து கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். வளர்ந்தது, கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு முடி முளைத்தால் காப்பாற்ற ஆள் போடுவேன். இவர் அத்தனையையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். ‘இத்தனை மாச உழைப்பு சார்’ என்று லாவண்யா அழாத குறையாகச் சொன்னாள்.

“குடுத்தவரே திருப்பி வாங்கிக்கினாரு. நடுவுல நீ யாரும்மா?”

சங்கு

ஆனி மாசம். மாங்கா லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ரூம் முழுக்க ஈ. டில்லிபாபுவின் கடைசிப் படம் வந்தது. முதல் படத்துக்கும் அதற்கும் சட்டைதான் வித்தியாசம். பின்னாலேயே போன். விக்ரம் சார் வேண்டுமாம்.

“இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க பாஸ்” என்றார் விக்ரம். “டைமு இல்ல சார்” என்றார் அவர். நான் அசரவில்லை. “எங்க பெரியவர் ஐதராபாத்ல இருக்கார், லைன்ல போடறேன்” என்றேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே சங்கு இரண்டு தரம் இருமியது. ஊத ஆரம்பித்தது. நான் மூக்கால் பாட்டைப் பாடினேன். பாட்டுக்குப் பின்னால் சங்கு. தொண்டையைக் கனைத்து, “ஏமண்டி டில்லிபாபு, பர்வாலேது, பர்வாலேது” என்று தெலுங்கில் தேற்றிக்கொண்டே ரெட்டிகாருவாக வந்தேன்; அவருக்குப் பின்னாலும் சங்கு. பெங்களூரில் இருமிய சங்கு ஐதராபாத்தில் ஊதி முடித்தது.

 அந்தப் பக்கம் டில்லிபாபு சிரித்தார். நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்த சிரிப்பு இதுதான், சிரித்தது அவர். நின்று நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்த சிரிப்பு.

“டேய் தம்பி, ரெண்டு சீசன் அந்தச் சங்குக்குக் கீழதான்டா நின்னுக்கினு இருந்தேன். அந்த இருமலு எனக்குத் தெரியாதா? சித்தூரு எந்தப் பக்கம்னு கேட்டியே! விக்ரமு, லாவண்யா, ரெட்டிகாரு, எல்லாம் நீதானா?”

“ஆமாண்ணா” என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளியே வந்த என் சொந்தக் குரல், எனக்கே சின்னதாகக் கேட்டது.

“கோவம் இல்லடா. வர வெள்ளிக்கெழம பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. தொப்பி மாட்டிக்கினு நிக்கறதா, இருக்கற தலையோட நிக்கறதான்னு நான் முடிவு பண்ணணும். இப்போ உன் கொரல்லயே சொல்லு: உனக்கு மொளச்சுதா?”

மூன்று பேர் வேலை பார்த்த வாய்தான், ஆனால் அந்தக் கேள்வி வந்தபோது டூட்டியில் ஒருத்தரும் இல்லை.