மூன்று விரல் நுழையாத வாய்கள்

ரங்கத் முகாமுக்குப் போயிருந்த டாக்டர் சிவகாமி காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோது, அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் காண்ட்ராக்டரின் ஆள் கூலிகளுக்குப் பாக்குப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தான். செய்தியைக் கேட்டும் அவன் கை நிற்கவில்லை. சரக்குக் கொட்டகை மேற்பார்வையாளனான எனக்கு அப்போது ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரி நாற்காலியோடு நின்றுவிடுகிற பல் டாக்டர் அல்ல அவர். கப்பல் வந்தால் கொட்டகைக்கே வந்துவிடுவார். “முஹ் கோலோ, பாய்! வாயைத் திற! மூணு விரலை நெட்டுக்குத்தா உள்ள விடு, பார்ப்போம்” என்பார். வங்காளிகள், தெலுங்கர்கள், நம் ஆட்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டும் கருப்பையாவுக்கு ஒரு விரல்தான் நுழைந்தது.

“கடல் காத்து இறுக்கிடுச்சும்மா. மென்னா இளகும்னுதான் பாக்கு போடுறேன்” என்றார் கருப்பையா. ஹேடோவில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். டாக்டர் அவர் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தார். “பாக்கு உள்ள புண்ணாக்குது. ஆத்துறதுக்கு உடம்பு, ‘சதையே வளரு’ன்னு சொல்லி அனுப்புது. நீங்க மறுபடி மெல்றீங்க, அதுவும் மறுபடி சொல்லுது. தழும்பு மேல தழும்பு ஏறி வாய் கயிறா இறுகிப்போச்சு. அப்படிச் சொல்ற சத்து என்னன்னு எங்களுக்கே முழுசாப் பிடிபடல. அதை நிறுத்த மருந்து இல்ல. பாக்கை நிறுத்தலாம்.”

ஆனால் பாக்கு ஏன் வந்தது? மத்தியானச் சோற்றுக்கு ஆளை விட்டால் கப்பல் தாமதமாகும். பாக்கை மென்றால் வயிறு கேட்காது. “பாக்கை நிறுத்திட்டு அரை மணி நேரம் சோத்துக்கு விடுங்க” என்று டாக்டர் காண்ட்ராக்டரிடம் நேரே போய்க் கேட்டார். “மெயின்லேண்ட் டாக்டருக்கு ஜஹாஜ் வேலை, கப்பல் வேலை என்ன தெரியும்?” என்றார் அந்த மனிதர். “வாய் தெரியும்” என்றார் டாக்டர்.

போன வாரம் அபர்டீன் பஜாரில் இரங்கல் கூட்டம். தலைமை, அதே காண்ட்ராக்டர்! “அம்மா நமக்குத் தெய்வம்” என்று மைக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பலுக்குத் திரும்பும் கூலிகளுக்கு வாசலில் பாக்குப் பொட்டலம் காத்திருந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். கருப்பையா பொட்டலத்தை வாங்கவில்லை. காண்ட்ராக்டர் முன்னால் போய், ஒற்றை விரலை வாயில் விட்டுக்கொண்டு நின்றார். காண்ட்ராக்டர் காரில் ஏறிப் போய்விட்டார்.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. மறுநாள் உச்சிவேளையில் கொட்டகையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். காண்ட்ராக்டர் கத்தினார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தால்தான் திறப்பேன் என்றேன். கருப்பையா கஞ்சி குடித்து முடிக்க நேரமாகும். கப்பல் நிற்கட்டும்.