வாத்தியார் பாஷை

'என்ன' என்ற சொல்லை மட்டும் இன்றைக்கு வாயில் எடுப்பதில்லை என்று, கரும்பலகையைத் துடைக்கும்போதே பெரியதம்பி வாத்தியார் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். வாய்ப்பாடு முடிவதற்குள் எடுத்துவிடுவார். உடனே மூன்றாவது பெஞ்சியிலிருந்து பொடிமெனிக்கா எழுந்து, பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு, வாத்தியாரின் மேசைக்கு முன்னால் வந்து கைகட்டி நிற்பாள். அவள் வீட்டுச் சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்' என்று பொருள். வாத்தியார் மரியாதையாகக் கூப்பிடுகிறார், வராமல் இருக்கலாமா?

"பிழை என்ரைதான் பிள்ளை. போய் இரும்" என்பார் வாத்தியார். வந்ததற்கு ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்து அனுப்புவார். அந்தப் பனங்கட்டிக்காகவே அவள் சில நாள் வேண்டுமென்று வருகிறாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. விசாரித்ததில்லை.

பொகவந்தலாவைக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தை ஒட்டிய தகரக் கூரை அறைதான் பள்ளிக்கூடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டின் மழைக்காலத்தில் வாத்தியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஒல்லியான தேகம். கழுத்தில் வெயிலடித்தாலும் கழற்றாத பழுப்பு மப்ளர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தோம், இதில் என்ன சிரமம் என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினார்.

முதல் வாரமே தடுமாறிப்போனார். "எங்காத்தா பேசுனாங்க ஐயா" என்று வேலாயி என்ற பெண் சந்தோஷமாக ஏதோ சொல்ல வந்தாள். அவர் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. "ஏன் பேசினவா? நீ என்ன குழப்படி செய்தனி?" என்று இவர் பரிவோடு கேட்க, அவள் மிரண்டு விழித்தாள். மறுநாள் அங்கம்மா எழுந்து, "மா இண்ட்ல பில்லி உந்தி" என்றாள். எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது என்று தெலுங்கில் பெருமையாகச் சொன்னாள், பாவம். பில்லி சூனியம் என்று பயந்து அவள் பெஞ்சியில் இருந்த பிள்ளைகளெல்லாம் அடுத்த பெஞ்சிக்குத் தாவிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வாத்தியாருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் வீட்டுச் சொல்லையாவது அவருக்குக் கற்றுக்கொடுக்கிற பிள்ளைக்குப் பனங்கட்டி. சாயங்காலம் ரோட்டில் தனியே நடக்கும்போது, "தண்ணீர், நீள்ளு, வத்துர... நாய், குக்க, பல்லா..." என்று முணுமுணுத்துக்கொண்டு போவார். வாத்தியாருக்கு மலைக்காற்று மூளையில் அடித்துவிட்டது என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லிச் சிரிப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் எத்தனை பாஷை என்று வெளியாட்கள் கேட்டால் வேலாயிதான் விரல் மடக்குவாள்: "நாலுங்க. தமிழு, தெலுங்கு, சிங்களம், அப்புறம் வாத்தியாரு பாஷை."

பாடம் விளங்காவிட்டால் விழித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே சட்டம். பக்கத்துப் பிள்ளையின் தோளில் கை வைத்துக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் தெரியாவிட்டால், அது அடுத்த தோளில் கை வைக்க வேண்டும். கேள்வி ஒரு பாஷையில் கிளம்பி, தோள் தோளாகப் போய், வேறொரு பாஷையில் போய்ச் சேரும். பொடிமெனிக்கா தமிழ் படித்ததே இப்படித்தான். அவளுடைய தகப்பன் கிரிபண்டா கீழ்க் கிராமத்திலிருந்து தோட்டத்துத் தச்சுவேலைக்கு வருகிறவர். வரும்போது மகளையும் கொண்டுவந்து விட்டுப் போவார்.

பெரிய கங்காணி மாயாண்டிக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பரீட்சிக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் வாத்தியாரைத் தேடி வந்தார்.

"வாத்தியாரே, தமிழ்ப் பள்ளிக்கூடத்துல கண்ட பாஷையெல்லாம் எதுக்குங்க? இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துப் பேரை வெட்டிட்டாருன்னா தொரை இந்த எடத்தை ஒரம் போட்டு வைக்கிற ஸ்டோராக்கிருவாரு. புள்ளைங்க மலைக்குப் புல்லு வெட்டத்தான் போகணும். அந்தத் தெலுங்குப் புள்ளையையும் சிங்களப் புள்ளையையும் அன்னைக்கு ஒரு நாளு வரவேணாம்னு சொல்லிருங்க."

கங்காணி சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் வாத்தியாரை வாட்டியது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா வாறார். எல்லாரும் தலைவாரிக்கொண்டு வாங்கோ. எல்லாரும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். கோட்டு, தலைப்பாகை, மூக்கில் நிற்காத கண்ணாடி. கொழும்பில் அலுவலகத்தில் இங்கிலீஷ் பேசி, தமிழைப் புத்தகத்தில் மட்டும் சந்திக்கிறவர். நாற்காலியில் அமர்ந்ததும் மூன்றாவது பெஞ்சியைச் சுட்டிக் கேட்டார்:

"தேநீர் எதனின்று பெறப்படுகின்றது?"

தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. பொடிமெனிக்கா அங்கம்மாவின் தோளில் கை வைத்தாள். அங்கம்மா வேலாயியின் தோளில் கை வைத்தாள். "தேத்தண்ணி எதுல இருந்து வருதுன்னு கேக்குறாரு" என்று வேலாயி கிசுகிசுத்தாள். "தே வத்துர கொஹென்த?" என்று பொடிமெனிக்காவிடம் சிங்களம் பழகியிருந்த அங்கம்மா அதைச் சிங்களமாக்கிக் கொடுத்தாள். பொடிமெனிக்கா எழுந்து, "கொழுந்துல இருந்துங்க" என்று தமிழில் பதில் சொன்னாள்.

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. இன்ஸ்பெக்டருக்கோ முகம் சிவந்துவிட்டது.

"என்ன இது! பரீட்சையில் ஒருத்தி வாயைப் பார்த்து ஒருத்தி சொல்வதா?"

'என்ன' என்று கேட்டதுதான் தாமதம். பொடிமெனிக்கா விறுவிறுவென்று நடந்து வந்து அவர் நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றாள். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒழுங்கும் இல்லை, நேர்மையும் இல்லை. இந்தப் பள்ளிக்கூடம் எதற்கு?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். வாசலில் நின்ற கங்காணி, நான் அப்போதே சொன்னேனே என்பதுபோலத் தலையை அசைத்தார். பிள்ளைகளை வரச் சொன்னது தாமே என்று வாத்தியார் தம்மையே நொந்துகொண்டார்.

அப்போது மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். மடுவத்தில் வரிசையில் நின்ற அங்கம்மாவின் தாய் வீரம்மா சத்தம் கேட்டு, கூடை முதுகில் தொங்க, பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டாள்.

"சாமி, ஒரு வார்த்தைங்க. எம்புள்ள திருடலைங்க. கேட்டுத்தான் சொல்லுச்சு. வாத்தியாரு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காரு."

"யாரம்மா நீ?"

"கொழுந்து எடுக்குறவங்க. எனக்குச் சின்னது பொறக்குறப்ப ராப்பகலாக் கெடந்து துடிச்சேன். கீழ கிராமத்து மருத்துவச்சிதான் வந்துச்சு. அதுக்கு எங்க பாஷை தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. எங்க அங்கம்மாதான், இங்க பழகுன சிங்களத்தை வச்சு, கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு அது சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அதுக்கும் சொல்லுச்சு. இல்லாட்டி இன்னைக்கு நானும் இல்லை, புள்ளையும் இல்லீங்க. அதைப் போயி தப்புங்கிறீங்களே."

அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். கூடையைத் தராசில் மாட்டச் சொல்லி மடுவத்திலிருந்து கணக்கப்பிள்ளை கத்தினார். ஒருத்தியும் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டார். பிறகு அந்த மூன்று சிறுமிகளையும் அறையின் மூன்று மூலைகளில் நிற்கவைத்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதன்முறையாகப் பேச்சுத் தமிழில் கேட்டார்:

"சரி, இப்ப சொல்லுங்க. கொழுந்து எப்படித் தேயிலை ஆகுது?"

"வாட்டி, உருட்டி, புளிக்க வைப்பாங்க" என்றாள் வேலாயி.

"அப்புறம் அடுப்புல காய வச்சு, சலிப்பாங்க" என்றாள் அங்கம்மா.

பொடிமெனிக்கா தன் மூலையிலிருந்து குரலை உயர்த்தினாள்: "பெட்டியில போட்டுக் கொழும்புக்கு அனுப்புவாங்க. அந்தப் பெட்டி எங்க தாத்தா அடிக்கிறதுங்க!"

"ஓகோ, உன் பாட்டனா? இந்த வயதிலும் வேலை செய்கிறாரா?"

பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "இல்லீங்க ஐயா! அவங்க பாஷையில தாத்தான்னா அப்பா!"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். தமக்கே, தோளில் கை வைக்காத குறையாக, சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வாசலில் நின்ற பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாயாண்டி கங்காணிகூட மீசைக்குள் சிரித்ததாகக் கேள்வி.

"மாஸ்டர், இந்த முறையை எந்தக் கலாசாலையில் படித்தீர்?"

"இவையளிட்டைத்தான் ஐயா" என்று வாத்தியார் பெஞ்சிகளைக் காட்டினார்.

குதிரையில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் கங்காணியிடம், "துரையிடம் சொல்லும். காலையில் என்னிடமும் உர ஸ்டோர் பற்றிக் கேட்டார். உரத்துக்கு வேறு இடம் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு தம் அறைக்குப் போகும் ஒற்றை ரோட்டில் இறங்கினார். எதிரே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, நிறைந்த கூடைகளோடு, வீரம்மாவும் மற்றப் பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்து உத்தியோகஸ்தர் யாராவது எதிரே வந்தால், தொழிலாளிகள் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானில் இறங்கி நின்று வழிவிட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கிக்கொள்ள வேண்டும். அது தோட்டத்து வழக்கம். வீரம்மா வழக்கம்போல் ஒரு காலைக் கானுக்குள் வைத்தாள்.

அதற்குள் பெரியதம்பி வாத்தியார் குடையை மடக்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓடிய கானில் இறங்கி, கடைசிக் கூடை கடந்து போகும் வரைக்கும் மழையில் நின்றார்.