ஆற்றில் வந்தது பிடித்தவனுக்கு

எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் ரத்தம் பார்க்காமல் ஒரு மழைக்காலமும் போனதில்லை. கிள்ளான் ஆற்றின் ஓரம், இப்போது சிமெண்டுச் சுவரும் நடைபாதையும் இருக்கும் இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். காலையில் அங்கே ஓடப் போகிறவர்கள் ஆற்றைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அழகாம். அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோட்டத்தை விற்றாகிவிட்டது, லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று சொன்னபோது, போக்கிடம் இல்லாமல் ஆற்றோரப் புறம்போக்கில் வந்து விழுந்தவர்கள் எங்கள் ஆட்கள். வீடு கட்டப் பலகை ஏது? ஆறுதான் கொடுத்தது. வெள்ளம் வந்தால், மேலே கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து பலகை, தகரம், பீப்பாய், ஒருமுறை உயிரோடு ஒரு ஆடு என்று எல்லாம் மிதந்து வரும். ஆற்றில் வந்தது பிடித்தவனுக்குச் சொந்தம். இதுதான் கம்பத்துச் சட்டம். யார் முதலில் பிடித்தது என்பதில்தான் மண்டை உடையும். ஒரு தகரத்துக்காக ஒருவரின் காதைப் பாராங் கத்தி அறுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காது ஆறியதும் வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருப்பான். கரையில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் என்ன நடந்தாலும் கையை விடக்கூடாது. அதை மட்டும் யாரும் மீறியதில்லை.

அப்பா மீறினார்.

அப்பா சாக்கடை வெட்டும் வேலை செய்தவர். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். அம்மாவின் முன்பல் ஒன்று அவர் கையால்தான் போனது. மூத்த மகள் நான் ஷா ஆலமில் தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்ததும் என் மேல் கை வைப்பதை நிறுத்திக்கொண்டார். தம்பிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பதினேழு வயதிலும் பெல்ட்டால் வாங்கினான்.

அந்த மழையில் எங்கள் அடுப்படித் தரை உளுத்து விழுந்திருந்தது. மத்தியானம், புதுப் பலகைகள் ஒரு கட்டாக, கட்டு அவிழாமல் ஆற்றில் மிதந்து வந்தன. அப்பா தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டார். தம்பி நீந்திப் போய்க் கட்டின் மேல் கை வைத்த அதே நேரத்தில், எதிர்வீட்டு லோரிக்காரர் வீசிய இரும்புக் கொக்கியும் அதில் மாட்டியது.

"என் கொக்கிதான் முதல்ல விழுந்துச்சு," என்றார் லோரிக்காரர்.

"என் மகன் கை வெச்சிட்டான் லா. கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் அப்பா.

"வாய அடக்கிப் பேசு. ஊரே பாத்துச்சு."

அப்பா முதலில் கயிற்றிலிருந்து ஒரு கையை விட்டார். பிறகு இரண்டையும் விட்டு லோரிக்காரரின் வாயில் குத்தினார். லோரிக்காரர் சேற்றில் விழுந்தார். அப்பா அவர் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் மாறி மாறிக் குத்தினார். கயிறு சேற்றில் சரசரவென்று ஆற்றை நோக்கி ஓடியது. நான் பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. அம்மாவும் வந்து பிடித்தாள். எங்கள் இருவரையும் தண்ணீர்வரை இழுத்துப் போய், கயிறு கையை விட்டுப் போய்விட்டது. தம்பியின் தலை ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. "கயிறு, கயிறு" என்று நான் கத்தியது அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. அடிப்பதில் அவ்வளவு மும்முரம்.

கேட்டது லோரிக்காரருக்குத்தான். வாயெல்லாம் ரத்தத்தோடு அப்பாவைத் தள்ளிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆற்றில் குதித்தார். கொஞ்சம் கீழே இருந்த பாலத்தின் தூணில் அறைபட்டுக் கிடந்த தம்பியை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். தோள் எலும்பு உடைந்திருந்தது. தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கினான். அப்பா மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார்.

"பலகை போச்சா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா தம்பியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அதை இரண்டாக மடித்து அப்பாவை அடித்தாள். முகத்தில், கழுத்தில், முதுகில், கை ஓயும்வரை அடித்தாள். கம்பமே வேடிக்கை பார்த்தது, ஒருவர்கூடத் தடுக்கவில்லை. அப்பாவும் கையைத் தூக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அம்மா லோரிக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, இவன் ஆத்துல வந்தவன். நீங்கதான் பிடிச்சீங்க. இனிமே இவன் உங்க புள்ள."

ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் மருத்துவமனையிலிருந்து தம்பி நேராக எதிர்வீட்டுக்குத்தான் போனான். அவரை அப்பா என்று கூப்பிட்டான், அவரோடு லோரி ஓட்டினான். எங்கள் அப்பா வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தை இடித்து எங்களையெல்லாம் அடுக்குமாடிக்கு அனுப்பியபோதும் தம்பி அவர்களுடனேதான் போனான்.

போன வருடம் அப்பா செத்தார். தம்பி சுடுகாட்டுக்கு வந்தான், ஆனால் கூட்டத்தின் பின்னால் லோரிக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். கொள்ளி வைக்க வேறு மகன் இல்லை. அவனைக் கூப்பிடு, கூப்பிடு என்று எல்லோரும் அம்மாவைப் பிடுங்கினார்கள்.

"குடுத்தத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்," என்றாள் அம்மா.

அப்போது லோரிக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வாயில் அப்பா உடைத்த பற்களின் இடம் இன்னும் ஓட்டையாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, நீங்க கேக்க வேணாம். என் புள்ளய நானே அனுப்புறேன்," என்றார்.

கொள்ளி வைத்து முடியும்வரை அவர் தம்பியின் கையை விடவில்லை.